அன்றாட மன அழுத்தத்தைக் குறைக்க எட்டு வார வழிமுறை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு

டென்ஷன் தாங்க முடியாமல் போனதும் பலர் செய்கிற முதல் காரியம், கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்வது. இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம், பகலில் நாலைந்து காபி, நிமிடத்துக்கு ஒருமுறை சிணுங்கும் மொபைல். இத்தனையும் அப்படியே இருக்க உட்கார்ந்தால், ஒன்று தூக்கம் சொக்கும், இல்லையென்றால் படபடப்பு கூடும். நான்காம் நாள் ‘நமக்கு இது சரிப்பட்டு வராது’ என்று எழுந்துவிடுவார்கள்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் கவனித்துக் குறிப்பது, அடுத்து உடம்பைச் சீராக்குவது, பிறகு மூச்சு, அதற்கும் பிறகுதான் உட்கார்ந்து மனத்தைப் பார்ப்பது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, மொபைல் அல்லாத ஒரு டைமர். ‘மொபைலிலேயே குறித்துக்கொள்ளலாமே’ என்று தோன்றும். குறிக்க எடுத்த கையோடு மூன்று புதுச் செய்திகள் கண்ணில் படும். குறிப்பு மறந்துபோகும்.

நேரக் கணக்கையும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் நாளுக்கு 5 நிமிடம் போதும். கடைசி வாரங்களில் நடையையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்படும் என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால் அது தூக்கத்திலிருந்துதான் போகும். அப்படிப் போனால் இந்த முயற்சிக்கே அர்த்தமில்லை.

வீடு மாறும் வாரம், தேர்வு வாரம், ஊருக்குப் போகும் வாரம் வேண்டாம். சாதாரணமான, சலிப்பான ஒரு வாரத்தில் ஆரம்பியுங்கள். அப்போதுதான் உங்கள் அன்றாடம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியும்.

படபடப்பு எல்லாமே மன அழுத்தம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. தைராய்டு அதிகம் சுரப்பது, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சில ஆஸ்துமா மருந்துகள், மூக்கடைப்பு மாத்திரைகள் இவையும் அதே அறிகுறிகளைத் தரும். நெஞ்சு வலி, மயக்கம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் நோட்டு வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

2. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் குறிப்பது

இதைத்தான் பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள். தாண்டக் கூடாது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் ஒரு ஊகம் இருக்கும். ‘வேலைதான்’ என்பார்கள். ஏழு நாள் குறித்துப் பார்த்தால், வேலையைவிட வேலைக்குக் கிளம்பும் அரை மணி நேரம்தான் அதிகம் ஆட்டிவைக்கிறது என்று தெரியவரலாம்.

ஒவ்வொரு குறிப்பிலும் ஐந்து விஷயங்கள்: நேரம், என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, அடுத்து என்ன செய்தேன், 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். உதாரணம்:

‘11.20. மேனேஜர் அழைப்பு. தாடை இறுகியது, வயிற்றைப் பிசைந்தது. எடுக்காமல் மொபைலைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு கால் மணி நேரம் வீடியோ பார்த்தேன். 6.’

நடந்ததை மட்டும் எழுதுங்கள், கேமரா பதிவு செய்வதுபோல. ‘மேனேஜர் வேண்டுமென்றே சீண்டினார்’ என்பது தீர்ப்பு. தீர்ப்பை எழுதினால் எழுதும்போதே கோபம் இன்னொரு முறை ஏறும், குறிப்பும் வழக்கு மனுவாக மாறிவிடும்.

உடம்பைக் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். ஒவ்வொருவருக்கும் முதலில் இறுகுகிற இடம் ஒன்று உண்டு. தாடை, தோள், மேல் வயிறு, நெஞ்சு, நெற்றி, உள்ளங்கை எனத் தேடிப் பாருங்கள். வாரக் கடைசிக்குள் உங்கள் இடம் எது என்று தெரிந்துவிடும். 7ஆம் படியில் அதுதான் உங்கள் எச்சரிக்கை மணி.

நாளில் மூன்று தடவை, உணவுக்கு முன் என்று வைத்துக்கொண்டு, அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறியுங்கள். மதிப்பெண் 1, 2 வரும் நேரங்களும் தெரிய வேண்டும். மோசமான பொழுதுகளை மட்டும் எழுதினால் நாள் முழுக்க மோசம் என்ற தப்பான கணக்கு வரும்.

இரவு படுக்கும்போது மொத்தமாக நினைவிலிருந்து எழுதுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. நினைவு, நாளின் கடைசிச் சண்டையை வைத்து நாள் முழுவதற்கும் மதிப்பெண் போட்டுவிடும். அந்தந்த நேரத்தில் இரண்டு சொல் கிறுக்கினாலும் அதுவே மேல்.

3. எட்டாம் நாள்: குறிப்பை மூன்றாகப் பிரிப்பது

ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். ‘நீ’ என்றால் நீக்கக்கூடியது. ‘பே’ என்றால் பேசி மாற்றக்கூடியது. ‘தா’ என்றால் தாங்கிக்கொள்ள வேண்டியது.

‘நீ’ வரிசையில் பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்குச் சில்லறை விஷயங்கள் இருக்கும். தினமும் சாவி தேடுவது, கடைசி நிமிடத்தில் துணிக்கு இஸ்திரி போடுவது, யார் யாரோ சேர்த்த குழுச் செய்திகள். இவற்றுக்கு மனப்பயிற்சி தேவையில்லை. கதவருகே ஓர் ஆணி அடித்தால் போதும். ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் மூச்சுப் பயிற்சி செய்து பயனில்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு விஷயம் மட்டும் நீக்குங்கள். பத்தையும் ஒரே நாளில் மாற்றினால் அந்த மாற்றமே புதிய அழுத்தமாக வந்து நிற்கும்.

மொபைல் ஏறக்குறைய எல்லோருடைய ‘நீ’ வரிசையிலும் வரும். தொலைபேசி அழைப்புக்கும், உடனே பதில் சொல்லியாக வேண்டிய இரண்டு மூன்று பேரின் செய்திக்கும் மட்டும் ஒலி இருக்கட்டும். மற்ற நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிட்டு, அவற்றைப் பார்க்க நாளில் மூன்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ‘இனி மொபைலையே தொட மாட்டேன்’ என்ற சபதம் மட்டும் வேண்டாம். அது மூன்று நாள்கூடத் தாங்குவதில்லை.

‘பே’ வரிசைக்கு, சொல்லப்போகும் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ‘எனக்கு வேலை அதிகம்’ என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘இதை வெள்ளிக்கிழமை தருகிறேன். இன்றே வேண்டுமென்றால் கையில் இருப்பதில் எதைத் தள்ளி வைக்கலாம் என்று சொல்லுங்கள்’ என்றால், அவர் ஏதாவது ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு நீண்ட நாள் நோய், அடைத்து முடியாத கடன் போன்றவை ‘தா’ வரிசை. 5ஆம் படி முதல் சொல்லப்போகும் பயிற்சிகள் இவற்றுக்காகவே. பேசக் கூச்சப்பட்டு ‘பே’ வரிசையில் இருப்பதை எல்லாம் ‘தா’ வரிசையில் தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் ‘பே’ என்றே போடுங்கள்.

4. இரண்டாம், மூன்றாம் வாரம்: தூக்கமும் காபியும்

தூக்கம் குறைந்தால் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும்.

படுக்கும் நேரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அது நம் கையில் இல்லை. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. விடுமுறை நாள் உட்பட ஏழு நாளும் ஒரே நேரத்தில் எழுந்து, அரை மணி நேரத்துக்குள் வெளியில் போய் 10 நிமிடமாவது பகல் வெளிச்சத்தில் நில்லுங்கள். கண்ணில் படும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் உடம்பின் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரவில் தூக்கம் வரும் நேரம் சில நாளில் தானாக முன்னே நகரும்.

காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ‘குடித்துவிட்டும் நான் தூங்குகிறேனே’ என்பவர்களும் உண்டு. தூங்குவார்கள், தூக்கத்தின் ஆழம் குறையும். பகல் 12 மணிக்குப் பிறகு காபி, டீ, எனர்ஜி பானம் மூன்றும் வேண்டாம்.

ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பித்து, எரிச்சலும் சேர்ந்து ஒரு வாரம்வரை இழுக்கும். ‘அழுத்தம் கூடிவிட்டது’ என்று பயந்து பழையபடி திரும்புவது இந்த இடத்தில்தான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கோப்பை என்ற கணக்கில் குறைத்தால் வலி அதிகம் தெரியாது.

படுத்து 20 நிமிடம் போலத் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படியுங்கள். சொக்கும்போது திரும்பலாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். 20 என்பது உத்தேசம். புரண்டுகொண்டே கிடந்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று உடம்பு பழகிவிடும். மது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்னிரவில் அதே மது தூக்கத்தை உடைக்கும். அதைத் தூக்க மருந்தாக எண்ணாதீர்கள்.

5. மூன்றாம் வாரத்திலிருந்து: நடை

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு. நாளுக்கு 30 நிமிடம், ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

அரை மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்காவிட்டால் மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். அழுத்தம் வந்தால் சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. நாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். நடக்கும்போது அந்தத் தயாரிப்பு செலவாகிறது. முதல் நாளே ஓட ஆரம்பித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதுதான் இதில் வழக்கமாக நடக்கும் விபத்து.

6. நான்காம் வாரம்: மூச்சு

சாய்மானமுள்ள நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படிய உட்காருங்கள். ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கு வழியாக 4 எண்ணிக்கை உள்ளே, 6 எண்ணிக்கை வெளியே. ஓர் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். டைமரில் 5 நிமிடம், காலையில் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது குறையும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் பலருக்கு இது விரலிலேயே தெரியும். வெளிமூச்சு நீண்டால், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கும். ஆக, வேலை செய்வது ‘ஆழமான’ மூச்சைவிட ‘நிதானமான’ மூச்சுதான்.

தப்பு நடப்பதும் இங்கேதான். ‘நன்றாக இழுத்து விடு’ என்று கேட்டுக் கேட்டுப் பழகியதால் மார்பு விம்ம இழுப்பார்கள். தேவைக்கு மேல் காற்று வெளியேறினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை லேசாகச் சுற்றும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும். பயந்து இன்னும் வேகமாக மூச்சு விட்டால் இன்னும் கூடும். அப்படி நடந்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அடுத்த முறை முக்கால் மூச்சு மட்டும் எடுங்கள். மார்பின் மேல் உள்ள கை அசையவே கூடாது, வயிற்றுக் கை மட்டும் ஏறி இறங்க வேண்டும்.

4க்கு 6 மூச்சு முட்டுவதுபோல இருந்தால் 3க்கு 4 என்று ஆரம்பித்து, சில நாளுக்கு ஒருமுறை ஓர் எண்ணிக்கை நீட்டுங்கள். இடையில் மூச்சை அடக்கும் முறைகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். பதற்றக்காரர்களுக்கு அது பதற்றத்தைத் தூண்டிவிடும்.

அழுத்தம் 8, 9 என்று ஏறிய நேரத்தில் முதன்முதலாக இதைச் செய்து பார்த்துவிட்டு ‘பலனில்லை’ என்பவர்கள் அதிகம். ஆற்றில் வெள்ளம் வரும் நாளிலா நீச்சல் பழகுவது? மதிப்பெண் 2, 3 இருக்கும் அமைதியான வேளைகளில் இரண்டு வாரம் செய்து உடம்புக்குப் பழக்க வேண்டும்.

7. நான்காம் வாரத்தின் பாதியில்: ஒரு நிமிட நிறுத்தம்

முதல் வாரக் குறிப்பில் கண்டுபிடித்த எச்சரிக்கை மணி இங்கே உதவிக்கு வருகிறது. தாடை இறுகினால் நிறுத்தம். தோள் ஏறினால் நிறுத்தம். ‘டென்ஷன் வரும்போது செய்வேன்’ என்று வைத்துக்கொண்டால் நினைவுக்கு வராது. உடம்பின் ஒரே ஓர் அடையாளத்தோடு முடிச்சுப் போட்டால் வரும்.

நிறுத்தத்தில் நான்கு செயல்கள். கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். பாதம் தரையில் அழுந்துவதை உணருங்கள். மூன்று நீண்ட வெளிமூச்சு விடுங்கள். பிறகு உள்ளே இருப்பதற்கு ஒரு சொல்லில் பெயர் வையுங்கள்: பயம், அவமானம், எரிச்சல், களைப்பு, ஏமாற்றம்.

‘டென்ஷன்’ என்பதைப் பெயராக ஏற்க வேண்டாம். அது எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். அவமானத்துக்கும் களைப்புக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது வேறு வேறு. களைப்பு என்று தெரிந்தால் பதில் எழுதுவதை நாளைக்குத் தள்ளலாம். ‘எனக்குக் கோபம்’ என்பதைவிட ‘கோபம் வந்திருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். வந்தது போகும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

8. ஐந்தாம் வாரத்திலிருந்து: உட்கார்ந்து கவனிப்பது

இப்போதுதான் தியானம் என்று சொல்லப்படுவதற்கு வருகிறோம். ஐந்தாம் வாரம் 5 நிமிடம், ஆறாவதில் 8, ஏழாவதில் 12, எட்டாவதில் 15. எழுந்து வெளிச்சத்தில் நின்ற கையோடு செய்தால் தவறாது. படுக்கையில் வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். காலை மடக்கித்தான் உட்கார வேண்டும் என்றில்லை. நாற்காலி போதும், முதுகு மட்டும் சாயாமல் நிமிர்ந்திருக்கட்டும்.

மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறதோ, மூக்கு நுனியோ வயிறோ, அங்கே கவனத்தை வையுங்கள். இந்த முறை எண்ண வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அது எப்படி ஓடுகிறதோ அப்படியே விட்டுப் பாருங்கள். ஐந்தாறு மூச்சுக்குள் மனம் வேறெங்காவது போயிருக்கும். போனது தெரிந்ததும் ‘நினைப்பு’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். மறுபடி போகும், மறுபடி திரும்புங்கள்.

‘எனக்கு மனம் ஒருநிலைப்படவே மாட்டேன் என்கிறது’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. மனம் ஓடியதைக் கண்டுபிடித்துத் திரும்பும் அந்தக் கணம்தான் பயிற்சி. 5 நிமிடத்தில் முப்பது முறை ஓடித் திரும்பினால் முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது. பகலில் ஒரு கோபத்தின் நடுவே ‘ஓ, கோபம்’ என்று தெரிவது இந்தத் திரும்பலின் பலன்.

அமைதி வருகிறதா என்று சோதித்துக்கொண்டே இருப்பது இன்னொரு தவறு. சில நாள் வரும், சில நாள் எரிச்சலாகவே முடியும். நோட்டில் ‘உட்கார்ந்தேன், 5 நிமிடம்’ என்று மட்டும் எழுதுங்கள், எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம்.

மூச்சைக் கவனித்தாலே சிலருக்குப் படபடப்பு வரும். அவர்கள் பாதம் தரையைத் தொடும் உணர்வையோ காதில் விழும் ஒலிகளையோ பிடித்துக்கொள்ளலாம், கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம். பழைய அதிர்ச்சி நினைவுகள் மேலே வந்து அலைக்கழித்தால் இந்தப் படியை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

9. ஆறாம் வாரம்: கவலைக்கு ஒரு நேரம்

கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே நேரம் (மாலை ஆறரை என்று வைத்துக்கொள்வோம்), ஒரே நாற்காலி, 20 நிமிடம். படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். பகலில் கவலை வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதி ‘ஆறரைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளுங்கள். கவலைப்படாதே என்றால் மனம் கேட்காது. பிறகு கவலைப்படலாம் என்றால் பெரும்பாலும் கேட்கும்.

அந்த 20 நிமிடத்தில் பட்டியலை ஒவ்வொன்றாக எடுங்கள். செய்ய ஏதாவது இருந்தால் அடுத்த சிறிய செயலை நாளோடும் நேரத்தோடும் எழுதுங்கள். ஒன்றும் செய்ய முடியாதது என்றால் அப்படியே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டைமர் அடித்ததும் எழுந்துவிட வேண்டும். ஆறரை மணி வரும்போது பாதிக் கவலைகள் பழைய செய்தித்தாள்போல இருக்கும். அப்போதும் உட்காருங்கள். இந்த நேரத்தைத் தவறவிட்டால், அடுத்த நாள் தள்ளிப்போடும்போது மனம் நம்பாது.

10. எட்டாம் வார முடிவில்: கணக்குப் பார்ப்பது

முதல் வாரம்போலவே ஏழு நாள் மறுபடி முழுக் குறிப்பு எழுதி, இரண்டு வாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சராசரி மதிப்பெண் 6லிருந்து 5 ஆகியிருந்தாலே நல்ல மாற்றம். அதைவிட, ‘அடுத்து என்ன செய்தேன்’ என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே மாற்றம் முதலில் தெரியும். அதே மேனேஜர், அதே அழைப்பு, அதே 6. ஆனால் மொபைல் கவிழ்க்கப்படாமல் எடுக்கப்பட்டிருக்கும்.

எந்தப் படி உங்களுக்குப் பலன் தரவில்லையோ அதைக் கைவிடலாம், எழும் நேரத்தைத் தவிர. காய்ச்சல், பயணம், விசேஷம் என்று வழக்கம் உடையும் வாரங்களில் எழும் நேரம், 5 நிமிட மூச்சு இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கம் திரும்பியதும் 8ஆம் படியை விட்ட நிமிடத்திலிருந்து தொடராமல், மறுபடி 5 நிமிடத்திலிருந்தே ஏறுங்கள்.

எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மதிப்பெண் நகரவில்லை, அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வேலையே ஓடாமல் இருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போங்கள். நோட்டையும் கொண்டுபோங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் எந்தப் படியையும் முடிக்கக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவரோடு அவசர மருத்துவ உதவிக்குப் போங்கள்.